விர்ஜினியா முதல் டிராகன்ஸ்பெர்க் வரை: சிறிய விமானம் ஓட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் டர்பனுக்கு வடக்கே கடற்கரையை ஒட்டியிருக்கும் விர்ஜினியா விமான நிலையத்துக்குப் போய், வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை ஓட்டுகிறேன். இது தெரிந்ததும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் தமிழ் வகுப்பு வாசலிலும் ஆட்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பிகள் கேட்பது கொஞ்சம் வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

தனியார் விமானி உரிமம் என்றால் என்ன? அதை வைத்து என்ன செய்யலாம்?

சுருக்கமாகப் பி.பி.எல். என்பார்கள். தென்னாப்பிரிக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தருவது. சொந்தப் பயணத்துக்கு, குடும்பத்தையோ நண்பர்களையோ ஏற்றிக்கொண்டு பறக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. சம்பளத்துக்கு ஓட்டக் கூடாது. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். இரவில் பறப்பதற்கும் மேகத்துக்குள் பறப்பதற்கும் தனித்தனியாகத் தகுதி பெற வேண்டும். கையில் கிடைக்கும் முதல் உரிமம் நல்ல வெளிச்சத்துக்கும் தெளிவான வானத்துக்கும் மட்டும்தான்.

அதை வாங்க என்னென்ன தேவை?

உரிமத்துக்கு வயது 17 ஆகியிருக்க வேண்டும். மாணவர் உரிமம் 16 வயதிலேயே கிடைக்கும். குறைந்தது 45 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் பயிற்றுநரோடு 25, தனியாக 15. தனியாகப் பறப்பதில் ஒரு நீண்ட பயணமும் அடங்கும்: 150 கடல் மைல், வழியில் இரண்டு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். இந்த 45 என்பது சட்டம் சொல்லும் கீழ்வரம்பு. வாரம் ஒருமுறை வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் முடிக்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

எழுத்துத் தேர்வுகள் விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், விமானம் பறக்கும் விதம், மனித உடலின் வரம்புகள் என்று பல பாடங்களில் நடக்கும். தேர்ச்சி மதிப்பெண் 75 சதவீதம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ரேடியோவில் பேசுவதும் ஆங்கிலத்தில்தான். அதற்கும் தனியாக ஒரு தேர்வு உண்டு.

மருந்துக்கடைக்காரி என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதய நோயும் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். 40 வயதுக்குக் கீழ் இருந்தால் அது ஐந்து வருஷம் செல்லும். வயது ஏற ஏற இடைவெளி குறையும். சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். பல மாத்திரைகளோடு பறக்க அனுமதி கிடைக்கும், ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சளிக்குக் கடையில் நீங்களாக வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அதைச் சாப்பிட்ட அன்று பறக்கவே வேண்டாம்.

உரிமம் வாங்கியாயிற்று. இன்னும் ஏன் பயிற்சி, பயிற்சி என்கிறீர்கள்?

உரிமம் வாங்கும் நாளில் உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விமானம், ஒரு ஊர், அந்த ஊரின் வானிலை. விர்ஜினியாவில் படித்தவருக்குக் கடல்மட்டக் காற்று தெரியும், 6,000 அடிப் பீடபூமியின் காற்று தெரியாது. ஜோஹன்னஸ்பர்க்கில் படித்தவருக்குப் பீடபூமி தெரியும், கடலிலிருந்து திடீரென்று ஏறிவரும் தாழ்மேகம் தெரியாது. இந்த நாட்டில் இரண்டு மணி நேரப் பறப்பிலேயே காற்று, உயரம், நிலம் எல்லாம் மாறிவிடும். சட்டப்படி நீங்கள் எங்கும் போகலாம். தெரியாத இடத்துக்குப் போக வெறும் அனுமதி போதாது என்பதுதான் என் கருத்து. அதனால்தான் ஒவ்வொரு புது வகைப் பறப்பையும் முதல்முறை, அதில் தேர்ந்த ஒரு பயிற்றுநரோடு செய்கிறேன்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடைசி 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். இரவுக்கு அந்த மூன்றும் இரவில் நடந்திருக்க வேண்டும். அப்புறம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு பரிசோதகரோடு பறந்து காட்ட வேண்டும். மூன்று முறை ஏறி இறங்கியவர் எல்லாம் தயாராக இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்பது இந்தத் தொழிலில் அப்படியே உண்மை. பக்கக் காற்றில் இறங்கும் கை, சில வாரம் தொடாவிட்டால் மழுங்கிவிடும்.

டர்பன் கடற்கரையில் பறப்பது சுலபம்தானே? கீழே கடல், மேலே நீல வானம்.

அழகு என்பதில் சந்தேகமே இல்லை. உம்லாங்கா கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, பாலிட்டோ வழியாக துகேலா ஆற்றின் முகத்துவாரம் வரை மணல்கரையைப் பிடித்துக்கொண்டே போகலாம். இடதுபக்கம் கரும்பு, வலதுபக்கம் இந்தியப் பெருங்கடல். ஜூன் முதல் நவம்பர் வரை கூனல் திமிங்கலங்கள் தெரியும். அனுமதி இல்லாமல் அவற்றுக்கு 300 மீட்டருக்குள் நெருங்குவது விமானத்துக்கும் குற்றம்தான். மேலிருந்து பார்த்தாலே போதும், அவ்வளவு பெரிய உருவம்.

ஆனால் கவனிக்க வேண்டியவை நிறைய. முதலாவது, இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரெட்டரில் உறையும் பனி. வெளியே 20 டிகிரி வெயில் அடிக்கும்போது இன்ஜினுக்குள் பனி உறையும் என்றால் புது ஆட்கள் நம்புவதில்லை. காற்றில் ஈரம் அதிகம். கார்புரெட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் சட்டென்று இறங்கும். ஈரம் உறைந்து வழியை அடைக்கும். இன்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். எங்கள் கடற்கரையின் ஈரக் காற்று இதற்கென்றே அமைந்தது. இறங்கத் தொடங்கும் முன்பே கார்ப் ஹீட்டை (கார்புரெட்டருக்குச் சூடான காற்றை விடும் கைப்பிடியை) இழுத்துவிட வேண்டும், ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) விழுந்த பிறகு இல்லை.

இரண்டாவது பெர்க் காற்று. குளிர்காலத்தில் உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கீழே இறங்கி வரும்போது அழுந்திச் சூடாகும் வறண்ட காற்று இது. ஜூலையில் டர்பனில் திடீரென்று கோடைபோல் கொதித்தால் அதுதான். வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். உள்ளே குலுக்கி எடுக்கும். அதைவிட முக்கியம், அது முடியும் விதம். தெற்கிலிருந்து குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்ததும் காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பும், பலமாக வீசும், மேகம் தாழும். காலையில் வடக்கே போனவர் பிற்பகலில் வேறு ஒரு ஊருக்குத் திரும்புவது போல் இருக்கும். தெற்கே மார்கேட் பக்கம் இப்போது என்ன காற்று என்று கேட்டு வைத்துக்கொண்டால் அது நம்மிடம் எப்போது வரும் என்று கணக்குப் போடலாம்.

மூன்றாவது பறவைகள். கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் லா மெர்சியில் திறந்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மவுண்ட் மோர்லேண்டின் நாணல் காடு, ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் கோடையில் லட்சக்கணக்கில் அடைவதற்குப் பேர்போனது. சூரியன் மறையும் நேரத்தில் அவை வானத்தை மூடிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கவே மக்கள் போவார்கள். விமான நிலையத்தில் அவற்றைக் கண்காணிக்க ரேடாரே வைத்தார்கள். நம்மைப் போன்ற சிறிய விமானங்களைக் கடற்கரையை ஒட்டித் தாழப் போகச் சொல்வார்கள், அதனால் மாலையில் அந்தப் பக்கம் போகும் திட்டமே வேண்டாம் என்பது என் பழக்கம்.

ஜோஹன்னஸ்பர்க்கில் பறந்தால் என்ன வித்தியாசம்? (தமிழ்நாட்டுத் தம்பிகள் கேட்பது)

எண்ணைப் பாருங்கள். விர்ஜினியா கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஜெர்மிஸ்டனில் இருக்கும் ரேண்ட் விமான நிலையம் ஏறக்குறைய 5,500 அடி. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 4 டிகிரி. டிசம்பர் மதியம் 30 டிகிரி இருந்தால் 26 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொண்டால், அந்தக் காற்றில் விமானம் 8,600 அடியில் இருப்பது போல் நடந்துகொள்ளும். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இன்ஜினுக்கு மூச்சு குறைவு, புரொப்பெல்லருக்கும் அப்படியே.

கடற்கரையில் படித்தவருக்கு இங்கே இரண்டு பழக்கங்கள் எதிராகத் திரும்பும். ஒன்று, ஏறும்போது மிக்ஸ்ச்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை) முழுவதும் உள்ளே தள்ளி வைப்பது. கடல்மட்டத்தில் அது சரி. ரேண்டில் அப்படிச் செய்தால் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் திணறும். ஓடத் தொடங்கும் முன்பே மெலிதாக்கிக்கொள்ள வேண்டும். திரும்பி டர்பனுக்கு இறங்கும்போது மறுபடி சேர்க்க மறக்கவும் கூடாது. இரண்டு, கண்ணால் வேகத்தைக் கணிப்பது. கருவியில் அதே 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தான் காட்டும், ஆனால் தரை 68, 69 நாட் வேகத்தில் வரும். கண் பார்த்துவிட்டு, வேகம் அதிகம் என்று கையை பின்னுக்கு இழுக்கத் தூண்டும். கருவியை நம்ப வேண்டும். ஓடுதளம் கூடுதலாகத் தேவைப்படும், ஏறும் கோணம் தட்டையாக இருக்கும். நான்கு பேரும் முழு டாங்க்கும் கோடை மதியமும் சேர்ந்தால் செஸ்னா 172 அங்கே ஏறுவதை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் பீடபூமியின் கோடை இடிமழை. காலையில் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் கோபுரம்போல் எழும்பும். அதனால் அங்கே உள்ளவர்கள் விடியும்போதே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கி விமானத்தைக் கட்டிவிடுகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

டிராகன்ஸ்பெர்க் மலைமேல் போகலாமா?

மலை அடிவாரத்தை ஒட்டிப் பறப்பது நான் இந்த மண்ணில் கண்ட மிகச் சிறந்த காட்சி. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடும் இடமும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் மஃபாதி, 3,450 மீட்டர். அடியில் சொன்னால் 11,300க்கு மேல். அதைக் கடக்க குறைந்தது ஆயிரம், காற்று இருந்தால் இரண்டாயிரம் அடி மேலே இருக்க வேண்டும். 172இன் உச்ச வரம்பே 13,000, 14,000 அடி அளவில்தான். 12,000க்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். சரி, அதனால் கடக்கும் யோசனையை விட்டுவிட்டு அடிவாரத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று மேற்கிலிருந்து லெசோத்தோ மேட்டைத் தாண்டி வந்து, அந்தச் செங்குத்துச் சுவரிலிருந்து குவாசுலு-நட்டால் பக்கம் விழுகிறது. டர்பனிலிருந்து போகும் நாம் எப்போதும் காற்று விழும் பக்கத்திலிருந்துதான் மலையை நெருங்குகிறோம். முழு பவர் கொடுத்து மூக்கைத் தூக்கி வைத்தாலும், காற்றே கீழே போனால் விமானமும் கீழேதான் போகும். மலைக்குப் பின்னால் உருளும் காற்று, ரோட்டர், சிறிய விமானத்தைப் புரட்டக்கூடியது. வானத்தில் பருப்பு வடிவத்தில் அசையாமல் நிற்கும் மேகங்கள் தெரிந்தால், அங்கே காற்று மலையைத் தாண்டி அலை அலையாக ஏறி இறங்குகிறது என்று பொருள். சிகர உயரத்தில் காற்று 25 நாட் என்று முன்னறிவிப்பு சொன்னால் நான் வண்டியை வேறு பக்கம் திருப்புவேன்.

மலைப் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பது இது: மலைமுகட்டை நேராக நெருங்காதே, 45 டிகிரி சாய்வாக நெருங்கு. அப்போது காற்று கீழே தள்ளினாலும் சிறிய திருப்பத்தில் தாழ்ந்த நிலத்தின் பக்கம் விலகிவிடலாம். பள்ளத்தாக்கில் நடுவில் போகாதே, ஒரு ஓரமாகப் போ; திரும்ப முழு அகலமும் கிடைக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய பிறகு மேட்டுநிலம் மெதுவாக ஏறிக்கொண்டே வரும். கருவியில் உயரம் அப்படியே இருக்க, தரை மட்டும் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். சாம்பேன் காசில் பக்கம் காத்கின் பார்க் தளத்தில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவது ஒரு அருமையான நாள். பயிற்றுநரோடு முதல்முறை போங்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால்? கீழே கரும்புத்தோட்டம்தானே, மெத்தை மாதிரி இருக்குமே?

இருக்காது. முற்றிய கரும்பு ஆளைவிட உயரம், தண்டு கெட்டி. சக்கரம் அதில் சிக்கினால் விமானம் குப்புறக் கவிழும். வேறு இடமே இல்லையென்றால் கரும்பின் உச்சியையே தரையாக நினைத்து, மிகக் குறைந்த வேகத்தில் அதன்மேல் படிய வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வெட்டி முடித்த வயல் எவ்வளவோ மேல், அதிலும் பாத்தி ஓடும் திசையிலேயே. தோட்டத்துக்கு நடுவே தீத்தடுப்புக்கு விடும் வண்டிப்பாதைகளும் மேலிருந்து கோடு கோடாகத் தெரியும். ஆனால் அவை சில இடங்களில் குறுகல், சரிவானவை, முடிவில் மின்கம்பி இருக்கலாம். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வெட்டிய கரும்பு நிலம் இது. அவர்களின் வழிவந்த நான் அதை மேலிருந்து, எங்கே இறங்கலாம் என்ற கண்ணோடு பார்க்கிறேன். அது ஒவ்வொரு முறையும் மனதைத் தொடுகிறது.

செய்ய வேண்டிய வரிசை எளிது. மூக்கைத் தாழ்த்தி மிதக்கும் வேகத்துக்கு வா. 172இல் அது 65 நாட் பக்கம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கடல் மைல் மிதக்கும். இடத்தைத் தேர்ந்தெடு. அதற்குப் பிறகுதான் பெட்ரோல் வால்வு, கார்ப் ஹீட், மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது) பார்க்கலாம். ரேடியோ கடைசி. வெட்டுக்காலத்தில் தோட்டங்களை எரிக்கும் புகை காற்றின் திசையைக் காட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் திடீரென்று த்ராட்டிலை இழுத்து இன்ஜின் வேகத்தைக் குறைக்கட்டும். முன்னமே தெரிந்த பயிற்சியில் திடீர்த்தன்மை இல்லை, அந்தத் திகைப்பைப் பழகுவதுதான் முக்கியம்.

மேகத்துக்குள் போய்விட்டால் கருவிகளைப் பார்த்து ஓட்டலாமே?

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி செய்து ஓட்ட வைத்தார்கள். எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. உட்காது தரும் உணர்வு பொய் சொல்லும். மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும் விமானம் நேராக இருப்பது போலவே தோன்றும்.

அதனால் பயிற்சியில் முதலில் படிப்பது மேகத்துக்குள் பறப்பதை அல்ல, கருவிகளைப் பார்த்து 180 டிகிரி திரும்பி வெளியே வருவதை. எங்கள் பக்கம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் மிட்லண்ட்ஸும் இதற்குப் பேர்போனவை: கடலோரத்தில் வெயில், மேட்டில் மூடுபனி. தலையில் மறைப்பு மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பயிற்றுநரோடு பறப்பது எப்போதும் வீண் போகாத செலவு.

இரவில் பறப்பது எப்படி இருக்கும்?

இங்கே சட்டப்படி இரவு என்பது சூரியன் மறைந்து 15 நிமிடம் கழித்துத் தொடங்கி, உதிப்பதற்கு 15 நிமிடம் முன்பு முடியும். இரவுத் தகுதிக்குக் கருவிப் பயிற்சியும் இரவில் தனியாக ஏறி இறங்குவதும் உண்டு. நகரத்தின்மேல் விளக்குகள் வழிகாட்டும். கடலை நோக்கி ஏறினால் மட்டும் திடீரென்று முன்னால் ஒன்றுமே இருக்காது, தொடுவானமே இல்லை. வேகம் கூடும்போது உடல் பின்னுக்கு அழுந்துவதை மூளை மூக்கு மேலே போகிறது என்று புரிந்துகொள்ளும். கை தானாக மூக்கை அழுத்தப் பார்க்கும். அந்தச் சில நொடிகள் கண் செயற்கைத் தொடுவானக் கருவியிலேயே இருக்க வேண்டும். அமாவாசை இரவில் கடலோரமாக ஏறுவதை நான் ஆரம்பத்தில் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

புதிதாக ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால் எதைக் கற்பீர்கள்?

கிளைடர். யோசிக்காமல் சொல்வேன்.

இன்ஜின் இல்லாததால் இறங்கும் வாய்ப்பு ஒரே முறை. உயரத்தையும் வேகத்தையும் செலவுக்கணக்காகப் பார்க்கும் பழக்கம் அதில்தான் வரும். கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஒரு சிறு கம்பளி நூல், ரட்டரில் (காலால் மிதித்து மூக்கை இடவலமாகத் திருப்பும் வால்பலகையில்) கால் சோம்பினால் உடனே ஒருபக்கம் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். சூடான காற்றுத் தூணைத் தேடி, அதன் மையத்தைக் கண்டுபிடித்துச் சுற்றும்போது வானிலை பாடப்புத்தகம் உயிரோடு வருகிறது. இந்த நாடு அதற்கு உலகப் புகழ்பெற்றது. கோடையில் ஐரோப்பாவிலிருந்து கேரிப் அணைக்குக் கிளைடர் விமானிகள் வருகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு மகாலீஸ்பெர்க் பக்கமும் கழகம் உண்டு. அடுத்து டெயில்வீல். மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும் பழைய அமைப்பு. எடை பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது சூப்பர் மார்க்கெட் டிராலியைப் பின்பக்கமாகத் தள்ளுவது போல் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். அதைக் காலால் அடக்கத் தெரிந்தவருக்குப் பக்கக் காற்றில் 172 இறக்குவது எளிது.

ஸ்பின் பயிற்சி, அதாவது விமானம் சுழன்றுகொண்டே விழும்போது மீளும் பயிற்சி, ஆபத்தில்லையா?

அதற்கென்று அனுமதி உள்ள விமானத்தில், போதிய உயரத்தில், ஏரோபாட்டிக் பயிற்றுநரோடு செய்தால் பாதுகாப்பானது. எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் என்பதை உடம்பு அங்கேதான் புரிந்துகொள்கிறது. 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் இரண்டு மடங்கு எடை. ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். இறங்கும் முன் கடைசித் திருப்பத்தில் இறுக்கித் திருப்புகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. மீள்வது: பவரைக் குறை, ஏலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையை) நடுவில் வை, சுழலுக்கு எதிர்ப்பக்க ரட்டரை முழுக்க மிதி, கட்டுப்பாட்டுக் கம்பை முன்னால் தள்ளு. ஆனால் ஓடுதளத்துக்கு மேல் 500 அடியில் ஸ்பின் வந்தால் இதற்கு நேரம் இருக்காது. அதனால் பயிற்சியின் பயன், ஸ்பின் வருவதற்கு முந்தைய அறிகுறியை உடனே அடையாளம் காண்பதுதான்.

மிருகங்கள் இருக்கும் காட்டுப் பண்ணைகளில் இறங்கலாமா?

உரிமையாளர் அனுமதித்தால். முதலில் தாழ ஒருமுறை ஓடுதளத்தின் மேல் பறந்து மான் கூட்டத்தை விரட்ட வேண்டும், காட்டுப்பன்றி தோண்டிய குழிகளையும் கரையான் புற்றுகளையும் பார்க்க வேண்டும். மூக்குச் சக்கரத்தைக் கடைசிவரை தூக்கியே வைக்க வேண்டும். புல் உயரமாக இருந்தால் கிளம்ப எவ்வளவு தூரம் கூடும் என்று முன்பே கணக்கிட வேண்டும். பார்பர்ட்டன் பக்கம் இதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். க்ரூகர் போன்ற தேசியப் பூங்காக்களில் மட்டும் வேறு விதி: அனுமதி இல்லாமல் 2,500 அடிக்குக் கீழே பறக்கவே கூடாது. யானைக் கூட்டத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஜீப்பில் போங்கள்.

ஒரு விமானம் ஓட்டத் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதானே?

இல்லை. 172இல் பெட்ரோல் இரண்டு இறக்கையிலிருந்தும் சேர்ந்தே வரும். பைப்பரில் இடது அல்லது வலது; அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் டெட்டர்ஃபீல்டில் செய்யப்படும் ஸ்லிங், நம் நாட்டுப் பெருமை. அதன் முதல் விமானங்களில் ஒன்று 2009இல் உலகத்தையே சுற்றி வந்தது. அதன் ரோட்டாக்ஸ் இன்ஜின் 5,000 ஆர்.பி.எம். அளவில் சுற்றும்; 172க்குப் பழகிய காதுக்கு விசித்திரமாக இருக்கும். எடை குறைவு, காற்றில் அதிகம் ஆடும். பயிற்றுநரோடு மாறுதல் பயிற்சி முடித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

பயமாக இல்லையா, அம்மா? (வயதான அத்தைகள் கேட்பது)

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுகிறேன், அத்தை. அது கிளம்புவதற்கு முன். எத்தனை நாட் பக்கக் காற்றுவரை போவேன், மேகம் எவ்வளவு தாழ்ந்தால் போகமாட்டேன், இறங்கும்போது டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும் என்று வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறேன். விமானத்தின் பக்கத்தில் நின்று அந்த எண்களை மாற்றுவதில்லை. கல்யாணத்துக்கு விமானத்தில் வருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்றைக்கு வண்டியில் வருகிறேன். போகும் வழியை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிடம் விவரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறேன், இறங்கியதும் வந்துவிட்டேன் என்று சொல்லிப் பதிவை மூடுகிறேன். மூடாவிட்டால் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

காவடித் திருவிழாவில் கோயில் கோபுரத்துக்கு மேலிருந்து பூத்தூவ முடியுமா?

மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வருகிறது. கேட்பவர்களின் பக்தி எனக்குப் புரிகிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் தனியார் விமானியாக என்னால் முடியாது. கூட்டத்துக்கும் குடியிருப்புக்கும் மேல் 1,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. விமானத்திலிருந்து எதையும் போடுவதற்கு அனுமதி வேண்டும். அந்த வட்டாரம் கிங் ஷாகாவுக்கு வரும் விமானங்களின் பாதைக்கு அருகில். இதற்குத் தகுதி பெற்ற நிறுவனத்திடம் சில மாதம் முன்பே பேசுங்கள்.

செலவு?

அதிகம். பெட்ரோல் விலையும் ராண்ட் மதிப்பும் ஏறி இறங்குவதால் தொகை எழுதினால் அடுத்த மாதம் பழசாகிவிடும். ஒரு யோசனை மட்டும்: முழுத் தொகையையும் எந்தப் பள்ளியிடமும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பறந்த மணிக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து படித்தால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து இலவசமாகக் கற்கலாம், நிறுவனம் அனுமதித்தால்.

நம் பெண்பிள்ளைகள் வரலாமா?

தாராளமாக வரலாம். நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் அல்லாதவருக்கு விமானத்துறையின் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. என் பெற்றோர் தலைமுறைக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. பெண் என்பதால் ரட்டர் மிதிக்கக் கால் எட்டாது என்று யாராவது சொன்னால், இருக்கையை முன்னால் இழுத்துத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பத்து வயதுப் பையன், விமானம் என்றால் உயிர். என்ன செய்யலாம்?

சிறிய விமான ஆர்வலர்களின் ஈ.ஏ.ஏ. அமைப்பின் தென்னாப்பிரிக்கக் கிளைகள் யங் ஈகிள்ஸ் என்ற பெயரில் குழந்தைகளை இலவசமாகப் பறக்க அழைத்துப் போகும் நாள்களை நடத்துகின்றன. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். அன்று காற்று சரியில்லை என்று விமானி திருப்பி அனுப்பினால் பையன் அழுவான். அப்போது விமானியிடம் கெஞ்சாதீர்கள். ஏன் வேண்டாம் என்றார் என்று பையனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான விமானிகள் உட்கார்ந்து, காற்றுப்பையைக் காட்டி, பொறுமையாக விளக்குவார்கள்.